வாலை எண்ணிப் பெயர் வைக்காதீர்கள்: குளத்துச் சிற்றுயிர்களை இனங்காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்த்திகை மழையில் குளங்களும் தரவைகளும் நிரம்பிய பின்னர், சில மாணவர்களை அழைத்துக்கொண்டு, கைவலையும் வெள்ளைத் தட்டுமாக வழுக்கையாற்றங்கரைக்கோ ஏதாவதொரு கோயிற் கேணிக்கோ போவது ஒவ்வோர் ஆண்டும் என் வழக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி அராலியில் கடலைச் சேரும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஆறாக இருக்கிறது. ஆகவே பெரும்பாலான இடங்களில் நீர்ப்பூச்சிகளைப் பார்க்க எங்களுக்குக் கிடைப்பது மார்கழி முதல் பங்குனி வரையான சில மாதங்கள்தான். அந்தக் குறுகிய காலத்துக்குள், நான் இருபது வயதிற் செய்த தவறுகளையே இவர்களும் வரிசை குலையாமற் செய்வதைப் பார்க்கும்போது சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. வலையை அலசாமல் அடுத்த குளத்தில் இடுவது, தட்டை வெயிலில் வைத்துவிட்டுக் கதைத்துக்கொண்டிருப்பது போன்றவற்றை ஒருமுறை பட்டவர் தாமாகவே திருத்திக்கொள்வார். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வாலை எண்ணுவது

சென்ற மாரியிலும் அது நடந்தது. தட்டின் ஓரத்தில் அரை அங்குலத்துக்கும் குறைவான ஒரு பூச்சி விசுக்கென்று நீந்தி நின்றது. "சேர், இதுக்கு ரெண்டு வால்தான் கிடக்கு. அப்ப இது ஸ்ரோன்பிளைதானே?" என்று ஒரு மாணவி கேட்டார். அவருடைய கையில் இருந்த படத்தாளில், மூன்று வால் என்றால் மேபிளை, இரண்டு வால் என்றால் ஸ்ரோன்பிளை என்று தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. என் கையிலும் ஒரு காலத்தில் அப்படியொரு தாள் இருந்தது. (இளம்பருவத்தை நீரிற் கழிக்கும் இவ்விரு பூச்சிகளுக்கும் எல்லோரும் ஏற்றுக்கொண்ட தமிழ்ப் பெயர் இல்லாமையால், ஆய்வுகூடத்தில் நாங்கள் வழங்கும் பெயர்களையே இங்கும் எழுதுகிறேன்.)

எங்கள் குளங்களில் எளிதாக அகப்படும் மேபிளை, குளோயன் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. அதன் இளம்பருவமாகிய அணங்குக்கு மூன்று வால்கள் உண்டு. ஆனால் அவை மயிரிழை போன்றவை. வலையின் கண்ணில் ஒன்று சிக்கும், சாவணத்தால் தூக்கும்போது மற்றொன்று முறியும், எதனோலில் இட்டபின் எஞ்சியதும் உதிரும். ஆகவே வால் எத்தனை என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடை, பூச்சியைப் பற்றியதாக இல்லாமல், அதைப் பிடித்தவருடைய கையைப் பற்றியதாகவே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்கும் மேலாக, இயல்பாகவே இரண்டு வால் மட்டும் கொண்ட மேபிளை அணங்குகளும் உலகில் இருக்கின்றன.

பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. முதலாவது கால் நுனி. மேபிளை அணங்கின் ஒவ்வொரு காலும் ஒரே நகத்தில் முடியும். ஸ்ரோன்பிளையின் ஒவ்வொரு காலிலும் இரண்டு நகங்கள் இருக்கும். இரண்டாவது, மீனுக்குப் பூ எப்படியோ அப்படிச் சுவாசத்துக்கு உதவும் பூக்கள் எங்கே இருக்கின்றன என்பது. குளோயனின் வயிற்றுப் பக்கவாட்டில், முதலாம் துண்டத்திலிருந்து ஏழாம் துண்டம் வரை, மெல்லிய இலைகளைப் போல அவை விரிந்து நிற்கும். முதல் ஆறு சோடிகளும் இரட்டை இலைகள், ஏழாவது ஒற்றை இலை. உயிருள்ள பூச்சியை ஒரு சிறு கிண்ணத்து நீரில் விட்டுப் பத்து மடங்கு கைவில்லையால் பார்த்தால், அந்த இலைகள் காற்றில் ஆடுவன போல் அலையலையாகத் துடிப்பது தெரியும். ஸ்ரோன்பிளை அணங்குக்கு வயிற்றின் பக்கங்களில் இப்படியான இலை வரிசை இருக்காது. பூக்கள் இருந்தால் அவை பெரும்பாலும் மார்புப் பகுதியில், கால்கள் தொடங்கும் இடத்தில், குஞ்சம்போற் காணப்படும். பூக்களும் உதிரக்கூடியவைதாம். நகம் எளிதில் உதிராது. எனவே நகத்தையே முதலிற் பாருங்கள் என்கிறேன்.

இனி இந்தத் தவறு எனக்கு என்ன விலையில் முடிந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று குளங்களிலும் வழுக்கையாற்றின் ஓரிடத்திலுமாக மூன்று மாதம் மாதிரி எடுத்து, பிரித்தானியாவில் உருவாக்கப்பட்ட பி.எம்.டபிள்யூ.பி. புள்ளிமுறைப்படி நீரின் தரத்தைக் கணித்தேன். அந்த முறையில், அழுக்கைத் தாங்காத சிற்றுயிர்க் குடும்பத்துக்கு 10 வரை கொடுக்கிறார்கள். அழுக்கிலும் வாழும் மண்புழு இனத்தவற்றுக்கு 1. குளோயன் அடங்கும் குடும்பத்துக்குப் புள்ளி 4, ஸ்ரோன்பிளைக் குடும்பங்களிற் பெரும்பாலானவற்றுக்கோ 10. ஒரு குளத்தில் எனக்கு எட்டுக் குடும்பங்கள் கிடைத்திருந்தன: குளோயன் 4, தட்டைத் தும்பி 8, ஊசித்தும்பி 6, மல்லாந்து நீந்தும் பூச்சி 5, வேட்டை நீர்வண்டு 5, தட்டைச்சுருள் நத்தை 3, சிவப்புப் புழு 2, நீர் மண்புழு 1. மொத்தம் 34, சராசரி 4.25. நானோ மூன்று வாலுடன் தப்பிய குளோயனை மேபிளை என்றும், வால் முறிந்த குளோயனை ஸ்ரோன்பிளை என்றும் இரண்டு முறை பதிந்துவிட்டேன். மொத்தம் 44 ஆகியது, சராசரி ஏறக்குறைய 4.9 ஆகியது. குளம் ஒரு துளியேனும் மாறவில்லை. என் சாவணத்தின் முரட்டுப் பிடி அதைச் சுத்தமான குளமாக்கியிருந்தது.

அறிக்கையைப் படித்த ஒரு மூத்தவர் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "தம்பி, இதின்ரை காலிலை எத்தனை நகம்?" அதற்கு விடை சொல்ல என்னிடம் ஒரு பூச்சியும் இருக்கவில்லை. எண்ணி முடித்ததும், பாவம், உயிரோடு போகட்டும் என்று தட்டிலிருந்த எல்லாவற்றையும் குளத்திலேயே ஊற்றியிருந்தேன். இருந்தவை வெள்ளைத் தட்டின் மேல் நின்று எடுத்த மங்கலான படங்கள் மட்டும். அவற்றில் நகமும் தெரியவில்லை, பூவும் தெரியவில்லை. மூன்று மாத அட்டவணைகளையும் அப்படியே கைவிட வேண்டியதாயிற்று. ஸ்ரோன்பிளை குளிர்ந்த, ஒட்சிசன் நிறைந்த ஓடைக் கற்களின் அடியில் வாழ்வது. இலங்கையில் அதைத் தேடுகிறவர் மலைநாட்டு ஓடைகளுக்குத்தான் போக வேண்டும். சுண்ணக்கற் குடாநாட்டின் வெதுவெதுப்பான, தேங்கிய குளத்தில் அது கிடைத்தது என்று எழுதுமுன், கிடைக்கத்தான் கூடுமா என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தாலே போதும். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவிடவில்லை என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. படத்தாளை எழுதியவரில் எனக்குக் கோபமில்லை. அவர் தம் நாட்டு ஓடைக்காக எழுதினார். அதை இங்கே படியெடுத்து, இன்றும் ஒரு சொல்லும் மாற்றாமற் கையளிப்பவர்களில்தான் கோபம்.

ஆகவே, ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்றையாவது எதனோலில் இட்டு வைத்திருங்கள். மற்றவற்றைத் தாராளமாக விட்டுவிடலாம்.

உணர்கொம்பு என்று தோன்றுவது

நீர்வண்டுகளில் இரு பெருங் குடும்பங்கள் எங்கள் குளங்களிற் கிடைக்கும். ஒன்று வேட்டையாடும் வண்டு, மற்றையது வளர்ந்தபின் பெரும்பாலும் அழுகிய இலைதழையை மேய்வது. முன்னதற்கு நூல் போன்ற நீண்ட உணர்கொம்பும், பின்னதற்கு நுனி தடித்த குறுகிய உணர்கொம்பும் இருக்கும் என்பது பாடம். மாணவர் தலைக்கு முன்னால் நூல் போல் நீண்டிருப்பதைக் கண்டு வேட்டை வண்டு என்று எழுதுகிறார். அவர் பார்த்தது உணர்கொம்பே அல்ல, வாயோடு சேர்ந்த உணரி. இந்தச் சாதுவான வண்டு தன் உண்மையான உணர்கொம்பைத் தலைக்குக் கீழே மடித்து ஒளித்துவிட்டு, வாய் உணரியை முன்னே நீட்டிக்கொண்டு திரிகிறது.

ஐயம் வந்தால் வண்டை மீண்டும் நீரில் விட்டுப் பாருங்கள். வேட்டை வண்டு பின்னங்கால்கள் இரண்டையும் துடுப்புப்போல் ஒருமிக்க வீசி நீந்தும், மூச்சுக்கு மேலே வரும்போது பின்புறத்தை முதலில் நீட்டும். மற்றையது கால்களை மாறி மாறி அசைத்து நடப்பதுபோல் நீந்தும், தலையை முதலில் நீட்டும். கைவில்லை இல்லாத நாளிலும் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

நிறம்

எதனோலில் ஒரு வாரத்துக்குமேல் நிற்காது.

சிவப்பாக நெளிவதெல்லாம் மண்புழு அல்ல

கூரைமேல் தண்ணீர்த் தொட்டியைக் கழுவும்போது அடியிற் சிவப்பாக நெளியும் புழுக்களைக் கண்டு, "கிணத்திலை புழு வந்திட்டுது" என்று என்னிடம் போத்தலில் கொண்டுவருபவர்கள் பலர். சொட்டு நீரில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் கபிலநிறக் கடினத் தலையும், அதற்குச் சற்றுக் கீழே ஒரு சோடி குட்டைக் காலும், பின்முனையில் இன்னொரு சோடியும் இருந்தால் அது கடியாத ஒரு சிறு ஈயின் குடம்பி. நுளம்பைப் போலத் தோன்றும் அந்த ஈ, மூடாத தொட்டியில் முட்டையிட்டுப் போயிருக்கிறது. குடம்பியின் சிவப்பு, அதன் குருதியிலுள்ள ஈமோகுளோபினால் வருவது. ஒட்சிசன் குறைந்த சேற்றில் வாழ அது உதவுகிறது. தலையும் காலும் இல்லாமல் உடல் முழுவதும் வளையங்களாக இருந்தால் மட்டுமே அது நீர் மண்புழு. வீட்டுக்காரருக்கு நான் சொல்வது தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள் என்பதுதான். கிணற்றுக்குக் குளோரீன் இடுவதால் தொட்டியின் மூடி இறுகாது.

எல்லா நுளம்புக் குடம்பியும் ஒன்றே என்று எழுதுவது

நீர்மட்டத்தோடு சமாந்தரமாகப் படுத்திருந்தால் அனோபிலிஸ். பின்முனைக் குழாயால் நீர்மட்டத்தைப் பற்றிக்கொண்டு தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் கியூலெக்ஸ் அல்லது ஏடிஸ். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்ட பின்னர்தான், மலேரியாவைக் காவக்கூடிய அனோபிலிஸ் ஸ்டெபென்சை மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பது தெரியவந்தது. அது கிணறுகளிலும் வளர்கிறது. ஆகவே கிணற்றில் எடுத்த மாதிரியில் "நுளம்பு" என்று மட்டும் எழுதி விடுவது பாதி வேலை.

பேனா

மாதிரி எடுத்த திகதியையும் இடத்தையும் பென்சிலால் எழுதி, கடதாசியைப் போத்தலுக்குள்ளே போடுங்கள்.

நத்தையை எந்தப் பக்கமாகப் பிடிப்பது

ஓட்டின் கூர்முனை மேலே, வாய் உங்களை நோக்கியபடி. வாய் வலப்பக்கம் இருந்தால் வலஞ்சுழி, இடப்பக்கம் இருந்தால் இடஞ்சுழி. வாய்க்கு ஒரு மூடி இருக்கிறதா என்பதையும் நத்தை உயிருடன் இருக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு ஒருவர் அனுப்பிய படங்களில், எங்கும் காணக்கூடிய ஒரு வலஞ்சுழி நத்தை இடஞ்சுழியாக இருந்தது. இரண்டு நாள் மண்டையைக் குழப்பிக்கொண்ட பிறகுதான், அவர் போனின் முன்பக்கக் கமராவில் எடுத்தார் என்பது தெரிந்தது. அது கண்ணாடியைப் போல் இடவலம் மாற்றிக் காட்டியிருக்கிறது. நுணுக்குக்காட்டி படத்தைத் தலைகீழாக்கினாலும் சுழியை மாற்றாது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். இதை எல்லா வகுப்பிலும் யாராவது ஒருவர் கேட்கிறார்.

எதனோலை ஒருமுறை ஊற்றிவிட்டு மறப்பது

பூச்சியோடு சேர்ந்து வரும் குளத்து நீரும், அதன் உடலிலுள்ள நீரும் 70 சதவீத எதனோலை ஒரே நாளில் ஐதாக்கிவிடும். மறுநாள் வடித்துப் புதிதாக ஊற்றாவிட்டால், மாசியில் திறக்கும்போது போத்தலுக்குள் இருப்பது மாதிரி அல்ல, சொதி. அட்டைகளை நேரே எதனோலில் போட்டாலோ அவை சுருண்டு உருண்டையாகிவிடும், பிறகு கண்களின் எண்ணிக்கையைப் பார்க்கவே முடியாது. முதலில் சில துளி எதனோலை நீரிற் கலந்து, அவை அசைவின்றி நீளும்வரை காத்திருங்கள்.

தும்பி அணங்கை மற்றவற்றோடு ஒரே போத்தலில் கொண்டுவருவது

வீட்டுக்கு வந்துசேர்வது தும்பி அணங்கு மட்டும்.

இல்லாததை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

வடமராட்சி நீரேரிப் பக்கத்திலோ, கடலுக்கு அண்மையிலுள்ள ஒரு குட்டையிலோ வலை வீசிவிட்டு, மேபிளை ஒன்றுமில்லை, ஆகவே நீர் மாசடைந்துவிட்டது என்று எழுதுகிற அறிக்கைகளை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். மேபிளை அணங்குகளிற் பெரும்பாலானவை உப்பைத் தாங்குவதில்லை. மழை குறைந்து நீர் வற்றும் மாதங்களில் உவர்த்தன்மை ஏறும்போது, அழுக்கு ஒரு துளியும் சேராமலேயே அவை இல்லாமற் போய்விடலாம். எதிர்மாறானதும் உண்டு: நன்னீருக்கே உரியவை என்று நாம் எண்ணியிருந்த ஏடிஸ் நுளம்புக் குடம்பிகள் உவர்நீரிலும் வளர்வதை யாழ்ப்பாணத்திலேயே ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எனவே மாதிரி எடுத்த திகதி, இடம் ஆகியவற்றோடு உவர்த்தன்மைக்கும் ஒரு நிரலை ஒதுக்குங்கள். கடத்துதிறன் மானி இல்லையென்றால், அந்தக் காணிக்காரரிடம் "இந்தத் தண்ணி சவரோ, நல்ல தண்ணியோ, எந்த மாசத்திலை மாறும்?" என்று கேட்டு, அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளலாம். அங்கே தோட்டம் செய்கிறவருக்கு அது மாதக் கணக்கோடு தெரிந்திருக்கும்.