ரங்கூன் பகதூர் ஷா தர்கா: முதல்முறை போகிறவர்களுக்கு

ஊரிலிருந்து உறவினர்கள் ரங்கூனுக்கு வந்தால் ஷ்வேடகோன் பகோடாவைக் காட்டுவேன், அனோரதா சாலைக் காளி கோயிலைக் காட்டுவேன். மூன்றாவதாக அழைத்துப்போவது, டெல்லியின் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர் அடங்கியிருக்கும் தர்காவுக்கு. தனியாகப் போய்வந்தவர்களிடம் "கீழே இறங்கினீர்களா?" என்று கேட்பேன். பாதிப் பேர் விழிப்பார்கள். மேலே தெரியும் சமாதிகளைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பார்கள். மன்னரோ கீழே இருக்கிறார். அடுத்து வருகிறவர்களாவது விழிக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கதை

கதை தெரியாமல் போனால் அது பச்சைப் போர்வை போர்த்திய இன்னொரு சமாதி, அவ்வளவுதான்.

1857 எழுச்சி அடங்கியதும் ஆங்கிலேயர் பகதூர் ஷாவை விசாரித்து, மறு ஆண்டு ரங்கூனுக்கு நாடுகடத்தினார்கள். 1862 நவம்பர் 7 அதிகாலையில் அவர் இறந்தபோது வயது 87. அன்று மாலையே, காவலில் வைத்திருந்த வளாகத்துக்குள்ளேயே அடக்கம் முடிந்துவிட்டது. பொறுப்பிலிருந்த அதிகாரி கேப்டன் டேவிஸ், குழியை மூடித் தரையோடு தரையாகப் புல் பதித்தார். சுற்றிலும் நல்ல தூரம் தள்ளி ஒரு மூங்கில் வேலி போட்டார். வேலி மக்குவதற்குள் புல் படர்ந்து, இடம் எதுவென்றே தெரியாமல் போய்விடும் என்று அவரே எழுதியும் வைத்தார்.

அவர் கணக்குப் பலித்தது. பின்னாளில் முஸ்லிம்கள் விடாமல் கோரிக்கை வைத்ததால் 1907-இல் ஒரு கல் நட்டார்கள். அதில் இருந்த வாசகம், "இவ்விடத்துக்கு அருகில்" அடக்கம் செய்யப்பட்டார் என்பது. அந்த "அருகில்" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 1943-இல் நேதாஜி தன் படையோடு வந்து மரியாதை செலுத்தியதும் இந்த "அருகில்" வைத்துதான். அந்தப் படையில் மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். உங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவரும் இருந்திருக்கலாம், விசாரித்துப் பாருங்கள்.

1991 பிப்ரவரி 16 அன்று வளாகத்தின் பின்புறம் வடிகால் தோண்டிக்கொண்டிருந்த ஆட்களின் மண்வெட்டி செங்கல்லில் பட்டது. மூன்றடி ஆழத்தில் செங்கல் கட்டிய ஒரு கல்லறை. மன்னர் உண்மையில் அடங்கியிருந்தது அதில்தான்; இப்போது கீழே இறங்கிப் பார்ப்பது அதைத்தான். அதுவரை மக்கள் வணங்கிவந்த இடத்திலிருந்து ஏறக்குறைய 25 அடி தூரம். தொழுகைக் கூடத்தோடு சேர்ந்த இப்போதைய கட்டடம் 1994-இல் திறக்கப்பட்டது.

நாளும் உடையும்

வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ நேரம். தொழ வருகிறவர்களைத் தவிர மற்றவர்கள் அப்போது போக வேண்டாம். சாதாரண நாளின் காலை வேளை உத்தமம். ஏப்ரல் நடுவில் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா நடக்கும் நாட்களை விட்டுவிடுங்கள். தெரு முனை தாண்டுவதற்குள் தலையில் ஒரு வாளி தண்ணீர் விழும், சொட்டச் சொட்ட உள்ளே போய் நிற்க முடியாது. மழைக்காலத்தில் போகலாம். வெறுங்காலோடு நடப்பதால் ஈரத் தரையில் கவனம் வேண்டும்.

நீண்ட கால்சட்டை, லுங்கி, சேலை, சுடிதார் எல்லாம் சரி. ஆண்களுக்குத் தொப்பி இல்லையென்றால் கைக்குட்டை போதும். பெண்கள் முந்தானையையோ துப்பட்டாவையோ தலைக்குப் போட்டுக்கொள்ளலாம். நாகூருக்குப் போகும்போது எப்படிப் போவீர்களோ அப்படியே.

வழி சொல்வது எப்படி

என் முதல் பயணம் கோணலானது இந்தக் கட்டத்தில்தான். பர்மிய மொழியில் பள்ளிவாசலுக்கு "பலி" என்று பெயர். நம் "பள்ளி"தான் கடல் கடந்து இப்படித் தேய்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அந்தச் சொல் தெரிந்துவிட்ட தெம்பில் டாக்சிக்காரரிடம் "பலி, பலி" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், தமிழ் முகம் என்று கண்டுகொண்டார், நேராக நகரின் நடுவில் நம் சூலியா முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் வாசலில் இறக்கிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. இந்த ஊரில் பள்ளிவாசல்களுக்குக் குறைவில்லை.

ஆகவே தெருப் பெயரைச் சொல்லுங்கள்: "ஸீவக லான்." லான் என்றால் தெரு. ஷ்வேடகோனிலிருந்து அதிக தூரமில்லை. டகோன் பகுதிக்குள் வருகிறது. செயலியில் வண்டி பிடித்தால் இந்தச் சிக்கலே இல்லை.

வாசலில்

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள். தொழப் போகிறவர்கள் ஒளு செய்துகொள்வார்கள். சும்மா பார்க்க வந்தவர்கள் கைகால் கழுவிக்கொண்டாலே போதும். பராமரிப்பவரைக் கண்டால் ஸலாம் சொல்லுங்கள். வாய்க்கு வரவில்லை என்றால் பர்மிய வணக்கமான "மிங்கலாபா" சொன்னாலும் முகம் மலரும். படம் எடுக்கலாமா, பெண்கள் எதுவரை போகலாம் என்ற இரண்டையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். கூட்டத்தையும் நேரத்தையும் பார்த்து அவர் சொல்வதுதான் முடிவு.

மேலே

கீழே போகத்தானே வந்தோம் என்று மேல்தளத்தை அவசரமாகக் கடக்க வேண்டாம். மன்னருடைய பெயரிலான சமாதியோடு, அவருடைய மனைவி ஜீனத் மகலும் பேத்தி ரௌனக் ஜமானியும் இங்கே இருக்கிறார்கள். மன்னர் போன பிறகும் ஜீனத் மகல் ஊர் திரும்பவில்லை. 1886-இல் இதே ரங்கூனில்தான் இறந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "அப்படியானால் இத்தனை வருஷம் வெற்று மண்ணையா கும்பிட்டார்கள்?" என்று என் மைத்துனர் சிரித்தார். கூட வந்திருந்த எதிர்வீட்டு பாய் கோபித்துக்கொள்ளவில்லை. "இருபத்தைந்து அடி துஆவுக்கு ஒரு தூரமா, தம்பி?" என்றார். துஆ என்றால் இறைவனிடம் வேண்டுதல். மைத்துனர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

கீழே

படி இறங்கும்போது வெளிச்சம் குறைகிறது, தெருச் சத்தமும் பின்தங்குகிறது. நான் கடைசியாகப் போனபோது போர்வையின்மேல் ரோஜா இதழ்கள் கிடந்தன. சில அன்றையவை, சில ஓரம் கறுத்துச் சுருண்டு துணியோடு ஒட்டியிருந்தன. ஒரு வயதான பர்மிய முஸ்லிம் பெண்மணி பழைய இதழ்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துக் கைக்குட்டையில் சேர்த்துக்கொண்டிருந்தார். தபர்ருக்காக, அதாவது தர்காவின் அருள் பெற்ற பொருளாக, வீட்டுக்குக் கொண்டுபோகிறாராம்.

இங்கு வருகிறவர்களில் பலருக்கு அவர் மன்னர் என்பது இரண்டாம் பட்சம். அவர் ஒரு பீர், இறைநேசர். டெல்லியில் இருந்த காலத்திலேயே சூஃபி வழியில் நின்று சீடர்களை ஏற்றவர் அவர். மக்கள் புதிதாக ஏற்றிவைத்த பட்டமில்லை இது.

முஸ்லிம்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, பாத்திஹா ஓதுவீர்கள். மற்றவர்கள் கால்மாட்டில் சற்றுத் தள்ளி நின்று மனத்துக்குள் வேண்டிக்கொள்ளுங்கள். நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டாம். கோயில் பழக்கத்தில் நம்மவர்கள் செய்துவிடுகிறார்கள். இறைவனுக்கு மட்டுமே உரியது ஸஜ்தா, அதாவது தரையில் நெற்றி வைத்து வணங்குவது என்பதால் அங்கிருப்பவர்களுக்குச் சங்கடமாகிவிடும். சமாதிமேல் கையூன்றவோ சாயவோ கூடாது. கிளம்பும்போது சட்டென்று முதுகைக் காட்டாமல் இரண்டு மூன்று அடி பின்னோக்கி நடந்து பிறகு திரும்புவது தர்கா மரியாதை.

காணிக்கையை உண்டியலில் போடுங்கள். பூவோ போர்வையோ சார்த்த ஆசையிருந்தால் பராமரிப்பவர் கையில் கொடுங்கள்.

பிறகு

எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகும். பசித்தால் நகருக்குள் போய் டான்பௌ கேளுங்கள், பர்மா பிரியாணி. அரிசி நம்முடையதைவிடக் கொஞ்சம் எண்ணெய் தூக்கலாக இருக்கும். கூடவே புதினாவும் மிளகாயும் இடித்த துவையலும் புளித்த கீரைச் சூப்பும் வரும். துவையலை முதலில் நுனி விரலால் தொட்டுப் பாருங்கள். என் மைத்துனர் அதையும் கேட்கவில்லை.