பிற துறை அறிவியலை வாசிக்கும்போது சறுக்கும் இடங்கள்

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானமும் உண்டு, சித்த மருத்துவமும் உண்டு. நிலாவெளிக் கரையிலிருந்து படகேறினால் புறாமலைப் பவளப்பாறை. இத்தனை துறைக்காரர் பக்கத்திலேயே இருக்க, அடுத்த துறையின் செய்தியை முகநூல் பகிர்விலிருந்து அறிந்துகொள்வது பெரிய தவறு. அங்கே அறிவித்த நாளின் பரபரப்பு வரும். பிறகு நடந்த சோதனை பெரும்பாலும் வராது.

2023 ஜூலையில், எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலையிலேயே மீகடத்தி, அதாவது மின்தடையே இல்லாத கடத்தி, என்ற கட்டுரை ஆர்க்சைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் வந்தது. மற்ற ஆய்வாளர்கள் இன்னும் மதிப்பிடாத பிரதி அது. ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் பல ஆய்வுகூடங்கள் அதைச் செய்துபார்த்து மறுத்தன. அதில் மாசாகக் கலந்திருந்த செப்பு சல்பைட்டு, ஏறக்குறைய 104 பாகை செல்சியசில் கட்டமைப்பு மாறுவதால்தான் மின்தடை சடுதியாக விழுந்திருந்தது. இப்படியான அறிவிப்பைக் கொப்பியில் குறித்துவைத்து, 4 வாரம் கழித்து வேறு குழு உறுதிசெய்ததா என்று பாருங்கள். அதுவரை வகுப்பில் சொல்ல வேண்டாம்.

தெரியாத துறைக்குள் ஆய்வுக் கட்டுரை வழியாக நுழைவதும் வீண் சிரமம். பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் மீளாய்வுக் கட்டுரை ஒன்றை, கடந்த 5 ஆண்டுக்குள் வந்ததாக எடுத்து, சுருக்கம், முன்னுரை, படங்களின் விளக்கம், முடிவுரை என்ற ஒழுங்கில் வாசியுங்கள்.

மிகவும் ஏமாற்றுவது தெரிந்த சொல்தான். வானியலாளருக்கு ஈலியத்தை விடப் பாரமான எல்லாமே உலோகம், ஒட்சிசனும் உலோகமே! சான்றின் அளவும் துறைக்குத் துறை வேறு. உயிரியலில் 0.05 என்ற எல்லை வழக்கம், அதாவது விளைவே இல்லாதபோதும் 20இல் 1 தடவை தற்செயலாக வரக்கூடியது. துகள் பௌதிகவியலில் கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 சிக்மா, அதாவது 5 நியம விலகல், வேண்டும். அது ஏறக்குறைய 35 இலட்சத்தில் 1.

வீதங்களைப் பார்த்தவுடன் 'எதிலிருந்து?' என்று கேளுங்கள். நாளொன்றுக்கு 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பை 18 வீதம் கூட்டும் என்று 2015இல் செய்தி வந்தது. 100 பேரில் 5 பேருக்கு வரும் நோய் என்றால், அது ஏறக்குறைய 6 பேராகிறது. 23 பேராக அல்ல.

கட்டுரை மீளப்பெறப்படவில்லை என்பதற்காக அது சரியாகிவிடாது. ஆர்சனிக்கைக் கொண்டு வளரும் பற்றீரியா பற்றிய 2010ஆம் ஆண்டுக் கட்டுரையை 2012இலேயே வேறு ஆய்வுகள் மறுத்தன. இதழ் அதை மீளப்பெற்றது 2025இல். கூகுள் ஸ்கொலரில் கட்டுரையைத் தேடி, அதை மேற்கோள் காட்டியவற்றுள் புதிய மூன்றின் சுருக்கத்தையாவது வாசித்த பிறகு மாணவருக்குக் கொடுங்கள்.