தந்தியைக் கண்டுபிடிச்சது ஆர் எண்டு சண்டை வந்தா எப்பிடிப் பிரிச்சுப் பாக்கிறது

யாழ்ப்பாணத்தில பள்ளிக்கூட வினாடி வினாவில உந்தக் கேள்வி வந்தா பெடியள் உடன மோர்ஸ் (சேதியைக் கடதாசியில பதியிற தந்தி செய்த அமெரிக்கர்) எண்டுதான் சொல்லுவினம், பிழையெண்டும் இல்ல, ஆனா முழுக்கச் சரியும் இல்ல. விவாதத்துக்குப் போறியள் எண்டா முதல்ல "எந்தத் தந்தி" எண்டு திருப்பிக் கேளுங்கோ. மின்சாரம் வர ஊசி அசைஞ்சு சேதி காட்டிற தந்தியெண்டா, ஜெர்மனியில காவுஸும் வேபரும் 1833லயே கம்பி இழுத்து அனுப்பிட்டினம், இங்கிலாந்தில குக்கும் வீட்ஸ்டனும் 1837ல பேட்டன்ட் எடுத்தவை, பிறகு அவை ரெண்டு பேருமே ஆர் பெரியாள் எண்டு அடிபட்டு 1841ல நடுவர் வச்சுத்தான் தீர்த்தவை (காணிப் பிரச்சினை மாதிரித்தான்).

அடுத்தது, யோசினை ஆற்ற, வேலை செய்த சாமான் ஆற்ற எண்டு பிரியுங்கோ. மோர்ஸின்ர கருவி தூரத்துக்கு ஓடினதுக்கு ஜோசப் ஹென்றியின்ர மின்காந்த ஆராய்ச்சி வேணும், கருவியைத் திருத்திச் செய்தது அவரின்ர கூட்டாளி ஆல்பிரட் வெயில், அந்தாளுக்குப் பெரிசா பேர் கிடைக்கேல்ல, எனக்கு அதுதான் கடுப்பு.

கடைசியா கோர்ட்டைப் பாருங்கோ. 1854ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் மோர்ஸின்ர பேட்டன்ட் செல்லும் எண்டது, ஆனா மின்சாரத்தால தூரத்தில எழுத்துப் பதியிற எல்லா வழியும் தன்ர எண்டு அவர் கேட்டதை மட்டும் குடுக்கேல்ல. எதிரணி "கோர்ட்டே மோர்ஸ் எண்டிட்டுது" எண்டா இதைத் தூக்கிப் போடுங்கோ.