பிள்ளை சாப்பாட்ட தள்ளி வைக்குதா? திட்டுறதுக்கு முன்னாடி இத படிங்க

பொண்ணோ பையனோ, "அப்பவே சாப்டேன்"னு சொல்லி தட்ட தள்ளி வைக்குறாங்க, இல்ல சாப்ட கையோட பாத்ரூம் போய் குழாய தொறந்து விட்டுட்டு ரொம்ப நேரம் வர்றதில்லன்னா (வாந்தி எடுக்குற சத்தம் வெளிய கேக்காம இருக்க தான் குழாய்) அத திமிருன்னு நெனச்சு திட்டாதீங்க ப்ளீஸ், அது ஈட்டிங் டிஸ்ஆர்டர்ங்குற மனநோயா, அதாவது சாப்பாடு, எடை பத்தின நெனப்பே ஆட்டிப்படைக்குற நோயா இருக்கலாம்.

முதல்ல வீட்ல உடம்ப பத்தின பேச்ச நிறுத்துங்க. "குண்டாயிட்ட" மட்டும் இல்ல, "மெலிஞ்சு அழகாயிட்டியே"வும் வேணாம், சொந்தக்காரங்க கிட்டயும் முன்கூட்டியே சொல்லி வைங்க. பிஜி தீவுல அப்போ நல்லா வாட்டசாட்டமா இருக்குறத தான் அழகுன்னு நெனச்சாங்க, அங்க ஒரு பகுதிக்கு 1995ல ஒல்லியானவங்கள அழகா காட்டுற டிவி வந்துச்சு, வந்த புதுசுல எடைக்காக வாந்தி எடுக்குறேன்னு ஒரு ஸ்கூல் பொண்ணு கூட சொல்லல, 1998ல கேட்டப்போ 100க்கு 11 பேர் சொன்னாங்க.

ஆனா அதே டிவிய பாத்த எல்லாருக்கும் இந்த நோய் வரலையே? பரம்பரையும் ஒரு காரணம், எதுலயும் குறை இருக்கக்கூடாதுன்னு நெனைக்குற சுபாவமும் ஒரு காரணம். மார்க், காலேஜ், கல்யாணம்னு எல்லாத்தையும் அடுத்தவங்க முடிவு பண்றப்போ வாய்க்குள்ள போறது மட்டும் தான் என் கையில இருக்குன்னு சில பிள்ளைங்களுக்கு தோணிடும். அதனால "ஏன் சாப்பிடல"ன்னு கேக்காம "மனசுக்கு என்னம்மா கஷ்டமா இருக்கு"ன்னு கேளுங்க, பதில் வரலன்னாலும் பக்கத்துல உக்காருங்க.

வாதாடி ஜெயிக்க பாக்காதீங்க. 1944-45ல அமெரிக்காவுல மினசோட்டாவுல ஒரு ஆராய்ச்சிக்காக 36 ஆரோக்கியமான ஆம்பளைங்களுக்கு ஆறு மாசம் சாப்பாட்ட பாதியா குறைச்சு பாத்தாங்க, எந்நேரமும் சாப்பாட்டு நெனப்பு, சமையல் புக் சேக்குறது, எரிச்சல், யார்கூடவும் சேராம ஒதுங்குறதுன்னு ஆளே மாறிட்டாங்க. பட்டினியே மூளைய அப்படி ஆக்கிடும், அதனால வயித்துக்குள்ள சாப்பாடு போறது தான் முதல் மருந்து, வேளாவேளைக்கு நீங்களே பரிமாறி கூட உக்காந்து சாப்பிடுங்க. தப்பு உங்க மேலன்னு குமையாதீங்க, பெத்தவங்க கூட இருந்தா தான் வளர்ற பிள்ளைங்க சீக்கிரம் தேறுறாங்க.

டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறத தள்ளி போடாதீங்க, மனநல டாக்டரையும் பாக்கணும். யார்கிட்ட பேசுறதுன்னு தெரியலன்னா 14416க்கு போன் பண்ணுங்க, அது டெலி மானஸ்ங்குற அரசோட மனநல உதவி நம்பர், காசு கிடையாது. மயக்கம், நெஞ்சு படபடப்புன்னா நேரா ஆஸ்பத்திரி தான், எடை நார்மலா இருக்கேன்னு விட்டுடாதீங்க, அடிக்கடி வாந்தி எடுத்தா ஒடம்புல பொட்டாசியம் கொறஞ்சு இதயத்துடிப்பே தாறுமாறா போய்டும்.