இலவசமாக ஆலோசனை தர ஒருவர் வந்தால் டிரஸ்ட் அவரிடம் என்ன வேலை வாங்க வேண்டும்?

ஓர் ஆடிட்டரோ, ஓய்வு பெற்ற வங்கி மேலாளரோ, ஐடி கம்பெனி ஃபைனான்ஸ்காரரோ "பணம் எதுவும் வேண்டாம், என்னால் ஆனதைச் செய்து தருகிறேன்" என்று வந்தால், பல டிரஸ்டுகள் அவரிடம் முதலில் கேட்பது "எங்களுக்கு நன்கொடை பிடித்துத் தர முடியுமா" என்பதுதான். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். நன்கொடையாளரோடு உறவு வைத்துக்கொள்வது உங்கள் வேலை, வெளியாள் வந்து அதைச் செய்ய முடியாது. நீங்கள் நடத்தும் ஒவ்வொரு திட்டத்துக்கும் உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பணத்தட்டுப்பாடு எங்கிருந்து தொடங்குகிறது என்பது அங்கேதான் தெரியும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். பத்து ஊர்களில் மாலை நேர வகுப்பு, 250 பிள்ளைகள். ஒரு கம்பெனி வருடத்துக்கு 6 லட்சம் தருகிறது. ஊருக்கு ஓர் ஆசிரியர், ஆளுக்கு மாதம் 4,000 வீதம் வருடத்துக்கு 4.8 லட்சம், நோட்டுப் புத்தகத்துக்கு 60,000. ஆக 5.4 லட்சம், கையில் 60,000 மிச்சம் என்று எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் பத்து ஊருக்கும் வண்டியில் அலையும் ஒருங்கிணைப்பாளரின் மாதச் சம்பளம் 20,000, அவர் நேரத்தில் பாதி இதற்கே போகிறது, அது வருடத்துக்கு 1.2 லட்சம். பெட்ரோல் 24,000. அலுவலக வாடகை, கரண்ட் பில், கணக்காளர் சம்பளம், ஆடிட் கட்டணம் இவற்றில் இந்தத் திட்டத்தின் பங்கு ஒரு 60,000. மொத்தம் 7.44 லட்சம். ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய 3,000 ரூபாய் ஆகிறது, கம்பெனி தருவதோ 2,400. பள்ளமான 1.44 லட்சத்தை யார் நிரப்புகிறார்கள்? யாரோ ஒருவர் பிறந்தநாளுக்குக் கொடுத்த பொது நன்கொடையும், மூன்று மாதம் தள்ளிப்போன ஒருங்கிணைப்பாளர் சம்பளமும்தான். இப்படிப்பட்ட திட்டம் இன்னொன்று கிடைத்தால் டிரஸ்ட் வளர்ந்த மாதிரி தெரியும், உள்ளே இன்னும் ஆழமாகக் கடனில் இறங்கியிருக்கும்.

இந்தச் செலவுக் கணக்குத் தாள் கையில் இருந்தால் அடுத்த வருடப் பேச்சே மாறிவிடும். சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதி தரும் கம்பெனிகளில் சிலர் "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது" என்பார்கள். விதியில் உள்ள அந்த 5 சதவீதம், கம்பெனி தன் சொந்த சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் செலவுக்கான வரம்பு. ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அந்தக் கணக்கில் வராது. ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தை "நிர்வாகம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் திட்டச் செலவில் அதன் இடத்தில் எழுத வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். வெளிநாட்டு நிதி வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்துவிட்டது.

அப்புறம் சேமிப்பு. டிரஸ்ட் மிச்சம் பிடிக்கவே கூடாது என்று பலர் நம்புகிறார்கள், அதனால் மார்ச் மாதம் அவசர அவசரமாகச் செலவு செய்கிறார்கள். வருமான வரிச் சட்டம் கேட்பது வருமானத்தில் 85 சதவீதத்தை டிரஸ்டின் நோக்கத்துக்குச் செலவிட வேண்டும் என்பது, மீதி 15 சதவீதத்தை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் காரணம் குறிப்பிட்டு, உரிய படிவம் கொடுத்து ஐந்து வருடம் வரை ஒதுக்க வழி இருக்கிறது. மூன்று மாதச் சம்பளமாவது எப்போதும் வங்கியில் இருக்கும்படி எத்தனை வருடத்தில் சேர்க்க முடியும் என்று ஆலோசகரை ஒரு திட்டம் போடச் சொல்லுங்கள். மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வந்தால் அதையும் முகத்துக்கு நேராகச் சொல்லச் சொல்லுங்கள்.

சரி, ஆளை எங்கே பிடிப்பது? உங்கள் அறங்காவலர்களுக்குத் தெரிந்தவர்களில் தொடங்குங்கள். டாடா குழுமத்தின் புரோஎங்கேஜ் மாதிரியான திட்டங்களில் ஊழியர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் சில மாதம் தொண்டு நிறுவனங்களுக்கு வேலை செய்து தருகிறார்கள், அங்கும் விண்ணப்பிக்கலாம். உங்கள் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போடும் ஆடிட்டரையே இதற்கும் பிடிக்காதீர்கள், தான் போட்டுக் கொடுத்த கணக்கைத் தானே சரிபார்க்கும் நிலை அவருக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

காசு வாங்காதவரிடம் கறாராகப் பேசக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன வேலை, எந்தத் தேதிக்குள், யாரிடம் ஒப்படைப்பது, நன்கொடையாளர் விவரங்கள் வெளியே போகாது என்ற உறுதி. உங்கள் பக்கத்திலும் ஒருவரை ஒதுக்க வேண்டும். வவுச்சர் கேட்டு ஆலோசகர் மூன்று முறை போன் பண்ணியும் யாரும் எடுக்கவில்லை என்றால் நல்ல மனிதர் மெல்ல விலகிவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்தச் செலவுக் கணக்கின் எக்செல் தாளை உங்கள் கணக்காளர் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆலோசகர் போட வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வாடகையை எந்த விகிதத்தில் பிரித்தோம், ஏன் என்று கணக்காளருக்குத் தெரிந்தால்தான் அடுத்த காலாண்டில் அந்தத் தாள் உயிரோடு இருக்கும். ஆலோசகர் விடைபெறும் முன் ஒரு மாதக் கணக்கைக் கணக்காளரே தனியாகப் போட்டு அறங்காவலர் கூட்டத்தில் விளக்கட்டும், அவர் தடுமாறும் இடத்தைச் சரிசெய்த பிறகு வேலை முடிந்தது என்று எழுதிக் கொடுங்கள்.