மருத்துவ மானிடவியலை மைனராக எடுக்கிறீர்களா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேஜர் என்கிற முதன்மைப் படிப்போடு கூடவே இன்னொரு துறையில் ஐந்தாறு பாடங்கள் படித்தால் ஒரு மைனரும், அதாவது துணைப் படிப்பும், கைக்கு வரும். (ஊரில் "மைனர் படிக்கிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள், கழுத்தில் செயின் தொங்குகிறதா என்று பார்ப்பார்கள்.) நோயையும் மருத்துவத்தையும் மனிதர்களின் பண்பாட்டோடு சேர்த்துப் படிப்பது மருத்துவ மானிடவியல். டாக்டராக நினைக்கும் பிள்ளைகள் சிலர் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் எம்கேட் (MCAT) என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு. 2015 முதல் அதில் உளவியல், சமூகவியலுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. அதற்காக மட்டும் எடுத்தால் ஏமாற்றம்தான். தேர்வு கேட்பது வேறு, இந்த வகுப்பில் நடப்பது வேறு. சுலபமாக மார்க் வாங்கிவிடலாம் என்பதும் கனவுதான். படித்து மாளாது.

பெரிய தவறு இன்னொன்று. பண்பாடு என்பது நோயாளியிடம் மட்டும் இருக்கிறது, டாக்டரிடம் இருப்பது வெறும் உண்மை என்று நினைத்துக்கொள்வது. நானும் அதில் விழுந்தவன். அம்மை பற்றிய என் முதல் கட்டுரையில் வேப்பிலை, மாரியம்மன், தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாவற்றையும் நம்பிக்கைகள் என்று வரிசையாக அடுக்கியிருந்தேன். பேராசிரியர் ஓரத்தில் எழுதியது ஒரே வரி: "இதில் ஆஸ்பத்திரி எங்கே?" உடம்பில் டாக்டர் காணும் நோய் ஒன்று, நோயாளி வாழ்ந்து தீர்க்கும் நோய் இன்னொன்று என்று மருத்துவ மானிடவியலாளர் ஆர்தர் கிளைன்மன் பிரித்துக் காட்டியதைப் படித்திருந்தும், ஒரு பக்கத்தை மட்டுமே ஆராய்ந்திருக்கிறேன்.

"வெறும் பேச்சுதானே, இதில் என்ன விஞ்ஞானம்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது குரு (kuru) என்ற நோயின் கதை. பப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடம், அதுவும் பெண்களிடமும் குழந்தைகளிடமும், நடுக்கத்தில் தொடங்கிச் சாவில் முடிந்த நோய் அது. குடும்பம் குடும்பமாக வந்ததால் பரம்பரை நோய் என்று கருதினார்கள். 1961-இல் அங்கே போன மானிடவியலாளர்கள் ஷெர்லி லிண்டன்பாம், ராபர்ட் கிளாஸ் இருவரும் உட்கார்ந்து உறவுமுறை விசாரித்தார்கள். நாம் பக்கத்து வீட்டுக்காரரை மாமா என்பதுபோல, அங்கே சொந்தம் என்று சொன்ன எல்லாரும் ரத்த சொந்தம் இல்லை. நோயும் பழையதில்லை, பெரியவர்களின் நினைவுக்கு எட்டிய காலத்தில்தான் வந்திருக்கிறது. பரம்பரை இல்லையென்றால் எப்படிப் பரவுகிறது? அப்புறம்தான் இறந்தவர் உடலை உண்ணும் சடங்கின் மேல் கவனம் திரும்பியது. அதில் அதிகம் கலந்துகொண்டவர்கள் பெண்களும் குழந்தைகளும்.

சரி, நீங்களும் அப்படி விசாரிக்கக் கிளம்புமுன் மனிதர்களிடம் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் ஆய்வு நெறிக் குழுவின் அனுமதி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தி தன் பாட்டியிடம் நாலு மணி நேரம் பேசிப் பதிவு செய்தாள். பத்தியம், பிள்ளைப்பேறு, கை மருந்து என்று அத்தனையும் தங்கம். அனுமதி வாங்கியது அதற்குப் பிறகு. ஆய்வறிக்கையில் ஒரு வரிகூடச் சேர்க்க விடவில்லை. மறுபடி கேட்கலாம் என்று போனால், "அதான் அன்னைக்கே எல்லாம் சொல்லிட்டேனே" என்று பாட்டி டிவி பக்கம் திரும்பிக்கொண்டாராம்.