"சேர், ஒன்று குறையுது" என்று சொல்லப் பழக்குவது

ஒப்பரேஷன் தியேட்டருக்குப் புதிதாக ஒரு நேர்ஸ் பிள்ளை வந்தால் முதலில் இன்ஸ்ட்ருமென்ட் பெயர்களைத்தான் பாடமாக்க விடுவோம். அது தேவைதான், ஆனால் நாளாக நாளாகத் தானாக வந்துவிடும். வாய் திறக்கிற பழக்கம் அப்படி வராது. யாழ்ப்பாணத்தில் 22 வருடம் தியேட்டர் நேர்ஸாக நின்ற அனுபவத்தில் சொல்கிறேன், அதைத் திட்டமிட்டுத்தான் பழக்க வேண்டும்.

முதல் கிழமை ஸ்க்ரப் பண்ண, அதாவது கைகழுவிக் கவுன் போட்டு மேசையடியில் டொக்டருக்குச் சாமான் எடுத்துக்கொடுக்க, விடாதீர்கள். வெளியில் சுற்றி நிற்கும் நேர்ஸோடு நிற்கட்டும். ஓய்வு நேரத்தில் கண்ணை மூடச் சொல்லி இரண்டு கத்தரிக்கோலைக் கையில் கொடுங்கள். தண்டு நீண்டு அலகு சிறிதாக இருப்பது மெட்சன்பாம், மெல்லிய திசுவுக்கு. தடித்தது மேயோ, நூல் வெட்ட. டொக்டர் பார்க்காமலே கையை நீட்டுவார், அதனால் தொட்டே அறிய வேண்டும்.

அடுத்தது, பாவிக்கிற சாமான்களின் எண்ணிக்கை. வெட்ட முன்னம், வயிற்றை மூட முன்னம், தோலைத் தைக்க முன்னம். இரண்டு பேர், சத்தமாக, ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து. ஐந்து ஸ்வாப் (இரத்தம் ஒற்றுகிற துணி) இருக்க வேண்டிய பொதியில் நான்கு இருந்தால், முழுப் பொதியையும் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வையுங்கள். கடைசி எண்ணிக்கை சரிவரும்வரை குப்பைப் பையும் வெளியே போகக்கூடாது.

பை ஏன் என்று கேட்டால், என் கதையைத்தான் சொல்வேன். நான் வேலைக்கு வந்து இரண்டாம் வருடம். வயிற்றை மூடுகிற நேரம் ஒரு ஸ்வாப் குறைந்தது. பயத்தில் யாருக்கும் சொல்லாமல் இரண்டு தரம் மெதுவாக எண்ணினேன். என் முகத்தைப் பார்த்த ஒரு அக்காதான் "நிறுத்துங்கோ சேர்" என்றார். சிற்றூழியர் வெளியே கொண்டுபோயிருந்த பையில், கழற்றிய கையுறைக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு தரமும் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததை இன்றைக்கும் மறக்கவில்லை.

அதனால் வெறும் தியேட்டரில் ஒத்திகை வையுங்கள். நீங்கள் சேர்ஜன். பிள்ளை சொல்ல வேண்டும்: "சேர், ஸ்வாப் ஒன்று குறையுது. தைக்க முதல் பாருங்கோ." நீங்கள் "இப்ப என்ன?" என்று எரிந்து விழுங்கள். அவள் அதே வசனத்தை அதே சத்தத்தில் திரும்பச் சொல்லட்டும். "கொஞ்சம் சந்தேகமாயிருக்கு" என்ற இழுவை வேண்டாம். சிங்கள டொக்டர் என்றால் "ஸ்வாப் எகக் அடுயி சேர்". இதையும் பாடமாக்கட்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2008 இல் கொண்டுவந்த சத்திரசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், வெட்ட முன்னம் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. பல இடங்களில் அதை மளமளவென்று ஓடிவிடுவார்கள். நான் ஆகப் புதியவளிலிருந்து தொடங்கச் சொல்வேன். தன் பெயரை எல்லோர் முன்னும் சொன்னவளுக்கு, பிறகு "நிறுத்துங்கோ" என்பதும் கொஞ்சம் லேசாகும்.

பிழை விட்டால் எல்லோர் முன்னும் ஏசாதீர்கள். அன்றைய ஒப்பரேஷன் லிஸ்ட் முடிந்தபின் ரீ குடிக்கிற ஐந்து நிமிடம் போதும்: "இன்றைக்கு எது விளங்கேல்ல?" என்று மட்டும் கேளுங்கள்.

மேசையிலேயே ஒருவர் இறந்துபோனால் அடுத்த கேஸுக்கு அவளை விடாதீர்கள். வேலை முடிந்ததும் தனியே பஸ் ஏற விடாமல் யாராவது கூடப் போங்கள். அடுத்த நாள் வந்தாளென்றால் ஹேர்னியா மாதிரி ஒரு சின்னக் கேஸ் கொடுத்து, பக்கத்தில் நீங்களே நில்லுங்கள்.